பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?

போன மாதம் விழுப்புரம் பக்கம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். சிறுதொழில் செய்யும் பெண்கள் இணையத்தில் விற்பனை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு நாள் முகாம். பயிற்சியாளர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். ஒன்று, தொழிலுக்கு உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள், அதுதான் நம்பிக்கை தரும். இரண்டு, உங்கள் முகத்தைக் காட்டுங்கள், சமைப்பதை வீடியோ எடுத்துப் போடுங்கள். மூன்று, உங்கள் கதையைச் சொல்லுங்கள், எந்த ஊர், யாருடைய கைப்பக்குவம் என்று மக்களுக்குத் தெரியட்டும்.

இடைவேளையில் ஒரு தங்கை என்னிடம் வந்தார். வீட்டிலேயே ஊறுகாயும் பருப்புப் பொடியும் செய்து விற்கிறார். "அண்ணா, அவர் சொல்றதெல்லாம் சரிதான். ஆனா கூகுள் மேப்புல எங்க வீட்டக் குறிச்சா காலனின்னு காட்டுது. அதப் பாத்துட்டு எங்கிட்ட யாரு ஊறுகா வாங்குவாங்க? நான் என்ன பேரு போடறது?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. யோசித்துப் பார்த்தால் இது இணையம் வந்த பிறகு பிறந்த கேள்வி அல்ல. நூறு வருடத்துக்கும் மேலாக நம் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்கு நம் முன்னோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதிலை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். அந்தத் தங்கைக்கு அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பலகையில் எழுதிய சாதி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "சொந்தப் பெயரைப் போடுங்கள்" என்ற அறிவுரை எல்லோருக்கும் பொதுவானது போலத் தோன்றும். அது பொதுவானது அல்ல. தமிழ்நாட்டில் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்களைப் பாருங்கள். எத்தனை சாதிப் பட்டங்கள் இன்னும் பெயர்ப்பலகையில் இருக்கின்றன! அவர்களுக்கு அந்தப் பட்டமே விளம்பரம். "இங்கே சமைப்பது யார் தெரியுமா?" என்பதுதான் அந்தப் பலகை சொல்லும் செய்தி. ருசியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

"பிராமணாள்" என்று எழுதிய ஓட்டல் பலகைகள் ஒரு காலத்தில் தமிழகம் முழுக்க இருந்தன. 1957இல் பெரியார் அந்தப் பலகைகளை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் பலகையில் இருந்த அந்தச் சொல் போனது. ஒரு சொல்லுக்கு இத்தனை போராட்டமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சொல் வெறும் சொல் அல்ல. அது ஒரு வியாபார முத்திரை. ஒரு சாதியின் கையைத் தூய்மை என்று விற்கும்போது, இன்னொரு சாதியின் கையைத் தீட்டு என்று சொல்லாமலே சொல்லியாகிவிடுகிறது. எங்கள் தங்கையின் ஊறுகாய் விற்காமல் போவதற்கும் அந்தப் பலகைக்கும் தொடர்பு இருக்கிறது.

பெயரை மறைத்தால் என்ன நடந்தது?

அப்படியானால் மறைத்துவிடலாமா? அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராவது நாள் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அவர் வெளியேற வேண்டியதாயிற்று. "விசாவுக்காகக் காத்திருக்கிறேன்" என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அதன்பின் பம்பாய் திரும்பிய அவர் ஒரு தொழில் தொடங்கினார். பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்றவர். அவரைவிடத் தகுதியானவர் அந்தத் தொழிலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று.

நம் பிள்ளைகளிடம் "தரமாகச் செய், தானாக வாடிக்கையாளர் வருவார்" என்று சொல்கிறோம். தரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அம்பேத்கரின் ஆலோசனையில் தரம் குறைவாகவா இருந்தது? தரம் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இந்தக் கதைக்குப் பதில் சொல்லட்டும்.

மறைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மறைத்தவர் எந்நேரமும் பயத்தில் இருக்க வேண்டும். தொழில் வளர வளர பயமும் வளரும். உறவுக்காரர் கடைக்கு வந்தால்கூட "யாராவது பார்த்துவிடுவார்களோ" என்ற பதற்றம். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பிழைப்புக்காக மறைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் மறைப்பவரிடம் இல்லை. மறைக்க வைப்பவரிடம் இருக்கிறது.

காசு கொடுத்தாலும் போடாத விளம்பரம்

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்குக் கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். புதிய பத்திரிகை வருகிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? திலகரின் 'கேசரி'க்கு விளம்பரம் அனுப்பினார்கள். இலவசமாகக் கேட்கவில்லை, கட்டணம் தருகிறோம் என்றுதான் கேட்டார்கள். கேசரி மறுத்துவிட்டது. சுயராஜ்யம் பிறப்புரிமை என்று முழங்கியவரின் பத்திரிகையில் ஒரு சிறிய விளம்பரத்துக்கு இடம் இல்லாமல் போனது.

விளம்பரச் சந்தை காசுக்கு மட்டும் தலைவணங்கும் என்பது பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அம்பேத்கர் அங்கே நின்றுவிடவில்லை. 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930இல் 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்' என்று தொடர்ந்து சொந்த ஊடகத்தைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

தமிழகத்தில் இந்த வேலை அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1893 அக்டோபரில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு இதழைத் தொடங்கினார். மாத இதழாகத் தொடங்கிப் பின்னர் வார இதழானது. அதன் பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லை இழிவாக ஊர் வீசியதோ அதே சொல்லை முகப்பில் அச்சடித்தார். என் பெயர் இதுதான், இந்தப் பெயரோடுதான் உரிமை கேட்பேன், வெட்கப்பட வேண்டியது நான் அல்ல என்பது அவர் நிலை.

பண்டிதர் அயோத்திதாசர் வேறு வழியில் போனார். 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பெயரிலேயே விலை இருக்கிறது பாருங்கள். கூலிக்காரரும் வாங்கலாம் என்று முகப்பிலேயே சொல்லிவிட்டார். இதைவிடச் சிறந்த விற்பனை உத்தியை இன்றைய பயிற்சியாளர் யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! ஒரு வருடம் கழித்து அது 'தமிழன்' ஆனது. ஊர் கொடுத்த பெயரை ஏற்காமல், இந்த மண்ணின் பூர்வகுடி நாங்கள், தமிழன் என்ற பெயருக்கு முதல் உரிமை எங்களுக்கு என்றார். கோலார் தங்கவயல் தொழிலாளிகள் முதல் ரங்கூன் வரை அதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

இருவரும் நெருங்கிய உறவினர்கள். ஒருவர் இழிபெயரை நிமிர்த்தினார். மற்றவர் பொதுப்பெயரை உரிமையாக்கினார். இருவரில் யாரும் ஒளியவில்லை. மறைப்பது, வெளிக்காட்டுவது என்ற இரண்டு வழிகளுக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு என்று அயோத்திதாசர் காட்டுகிறார். நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வதுதான் அது.

ஒரு குவளை தேநீர்

இனி கோலாப்பூருக்கு வாருங்கள். அரண்மனைக் குதிரை லாயத்தில் கங்காராம் காம்ப்ளே என்ற மகர் வகுப்பைச் சேர்ந்த தொழிலாளி இருந்தார். மற்றவர்களுக்கான தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று அவரை அடித்துப் போட்டார்கள். செய்தி ஷாகு மகாராஜுக்குப் போனது. அடித்தவர்களைத் தண்டித்தார். கங்காராமைச் சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லி உதவியும் செய்தார். கங்காராம் தேநீர்க் கடை வைத்தார். பெயர் 'சத்யசுதாரக்'. சுத்தமான கடை, நல்ல தேநீர். ஆனால் வாசலோடு போனவர்கள் உள்ளே வரவில்லை.

ஷாகு மகாராஜ் என்ன செய்தார் தெரியுமா? ஆணை போடவில்லை, சட்டம் எழுதவில்லை. தன் வண்டியை அந்தக் கடை முன்னால் நிறுத்தித் தேநீர் வாங்கிக் குடித்தார். உடன் வந்த அதிகாரிகளுக்கும் வாங்கிக் கொடுத்தார். மன்னர் குடிக்கும்போது அவர்கள் குடிக்காமல் இருக்க முடியுமா? ஊர் பார்த்தது. 1922இல் மகாராஜ் மறைந்த பிறகு அவருக்கு முதல் நினைவுச் சின்னம் எழுப்ப முன்னின்றவர் அதே கங்காராம்தான்.

இன்று ஐந்து நட்சத்திர மதிப்பீடு என்றும், பிரபலங்களை வைத்து விளம்பரம் என்றும் சொல்வதன் வேர் இதுதான். நம் ஆட்கள் "நல்லாருக்கு" என்றால் மட்டும் போதவில்லை. எந்தச் சமூகம் குடிக்க மறுக்கிறதோ அந்தச் சமூகத்தில் ஒருவர் எல்லோரும் பார்க்கக் குடிக்க வேண்டியிருக்கிறது. "நான் சாதி பார்ப்பதில்லை" என்று முகநூலில் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். நம் பிள்ளைகள் கடையில் வாங்குங்கள், வாங்கியதைப் படம் எடுத்துப் போடுங்கள், உங்கள் உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். முக்கியமாக அந்தக் கடைசி வேலையைச் செய்யுங்கள். அங்கேதான் உங்கள் துணிச்சல் தெரியும்.

கடலுக்கு அப்பால்

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்தவர் மேடம் சி.ஜே. வாக்கர். துணி துவைத்துப் பிழைத்தவர். கறுப்பினப் பெண்களுக்கான தலைமுடித் தைலம் செய்து விற்றார். தயாரிப்பின் மீது தன் படத்தையே போட்டார். கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை முகவர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். அவர் முகத்தைக் காட்டி வெல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த முகத்தை நம்பும் ஒரு சந்தை அவருக்கு இருந்தது. முதலில் தன் மக்களிடம் விற்றார்.

1936இல் நியூயார்க்கில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு சிறு கையேடு போட்டார். கறுப்பினப் பயணிகள் அவமானப்படாமல் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். 'பச்சைப் புத்தகம்' என்று பெயர் பெற்ற அது 1960களின் நடுப்பகுதி வரை வந்தது. கறுப்பினத்தவர் நடத்திய எத்தனையோ சிறு விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அதுவே விளம்பரம். இந்தப் புத்தகம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று கிரீன் அதிலேயே எழுதினார். 2020 ஜூலையில் கூகுள் நிறுவனம் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகள் தங்களை அப்படி அடையாளப்படுத்திக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது.

நம் ஊரில் அப்படி ஒரு அடையாளம் வந்தால் கூட்டம் கூடுமா, குறையுமா? இந்தக் கேள்வியை நாமே நமக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். கம்பெனிகள் நமக்காக முடிவு செய்யக்கூடாது.

இணையத்துக்குச் சாதி தெரியாதா?

"ஆன்லைனில் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்குச் சில ஆய்வுகள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. அமெரிக்காவில் ஐபாட் விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். படத்தில் அதைப் பிடித்திருக்கும் கை கறுப்பாக இருந்தால் பதில்கள் 13%, விலைக்குக் கேட்டவர்கள் 17% குறைந்தார்கள். பொருள் ஒன்றுதான், கைதான் வேறு. ஏர்பிஎன்பியில் கறுப்பினப் பெயரோடு அறை கேட்டவர்களுக்குச் சம்மதம் கிடைப்பது 16% குறைவு என்று இன்னொரு ஆய்வு காட்டியது. எதிர்ப்பு வலுத்த பின், 2018இல், முன்பதிவு உறுதியான பிறகே விருந்தினர் படத்தைக் காட்டுவது என்று அந்த நிறுவனம் மாற்றியது. போராடினால் தளத்தின் அமைப்பையே மாற்ற முடியும் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்போம்.

இங்கே 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் "தூய சைவ" உணவுக்குத் தனி ஆட்கள், தனிப் பச்சை உடை என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் பச்சை உடையை விட்டது. பழைய ஓட்டல் பலகை செயலிக்குள் புகுந்து வந்தது, அவ்வளவுதான்.

2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8% மட்டுமே. மக்கள்தொகையிலோ நம் பங்கு சுமார் 16%. நமக்கு வியாபாரம் தெரியாது என்பதால் வந்த இடைவெளி அல்ல இது.

ஆனாலும் பெயரைத் தலைநிமிர்ந்து போட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் மசாலாப் பொடிகளையும் ஊறுகாயையும் இணையத்தில் விற்கத் தொடங்கினார். ஆம், ஊறுகாய்தான்! நம் கையால் செய்ததை உண்ண முடியுமா என்று நாட்டை நேருக்கு நேர் கேட்ட பெயர் அது. மும்பையில் சுதீர் ராஜ்பர் தொடங்கிய 'சமார் ஸ்டுடியோ' தோல் தொழிலாளிகளின் கைத்திறனை மறுசுழற்சி ரப்பரில் பைகளாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயர் அங்கே முத்திரையானது. இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நம் பெயரை வைத்து விற்கும்போது லாபம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். தைக்கும் கைக்குப் போகாத பெருமை நமக்கு வேண்டாம்.

தங்கைக்கு என் பதில்

வரலாற்றைச் சொல்லிவிட்டு வேலையைச் சொல்லாமல் போகக்கூடாது.

பெயரை நீயே வை, தங்கச்சி. ஊர் வைத்த பெயரும் வேண்டாம், பயந்து வைத்த பெயரும் வேண்டாம். பாட்டி பெயரோ, ஊறுகாயின் பெயரோ, உனக்குப் பிடித்த தலைவர் பெயரோ, எதுவானாலும் பத்து வருடம் கழித்தும் நீ கூசாமல் சொல்லக்கூடிய பெயராக இருக்கட்டும். உணவுப் பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே முழுசாக மறைத்துத் தொழில் செய்ய முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடு.

கூகுள் மேப்பைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்து வாங்காத தொழில் என்றால் முகவரியைக் காட்டாமல், எந்தெந்த ஊர்களுக்கு அனுப்புகிறாய் என்று மட்டும் காட்டலாம். இது ஒளிவது அல்ல. வீட்டிலிருந்து தொழில் செய்யும் எல்லாப் பெண்களுக்கும் பாதுகாப்பு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரைபடத்தில் இன்னும் அது இருந்தால் திருத்தக் கோரிக்கை அனுப்பு. தெருவே சேர்ந்து அனுப்பட்டும்.

முதல் நூறு வாடிக்கையாளரை நம் மக்களிடமே தேடு. வாக்கர் அம்மையார் செய்தது அதுதான். வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஆசிரியர்கள், அலுவலர்கள், சங்கத் தோழர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலைப் படமும் விலையும் எடையுமாகப் போடு. வாங்கியவரிடம் கூச்சப்படாமல் மதிப்பீடு கேள். பிறகு சந்தையை விரி. மாவட்டத்துக்கு ஒன்றாக நமக்கான பச்சைப் புத்தகத்தை நாம் ஏன் தொகுக்கக் கூடாது? அது எங்களைப் போன்ற இயக்கத்தவர் செய்ய வேண்டிய வேலை. அந்தப் பட்டியலை உன்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

தனிச்சந்தையை மட்டும் நம்பாதே. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4% பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 கொள்முதல் கொள்கை சொல்கிறது. பல வருடங்கள் அந்த இலக்கின் பக்கத்தில்கூட அவர்கள் வரவில்லை. கேட்டு வாங்க ஆள் வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% முதலீட்டு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேள்.

யாராவது சாதி சொல்லித் திட்டிக் கருத்து எழுதினால் அழித்துவிட்டு அழாதே. முதலில் திரையைப் படம் எடுத்துத் தேதியோடு வை. இணையத்தில் எழுதியதும் பொதுவெளியில் அவமதித்ததுதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உன்னிடம் வாங்கக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தால் அது பொருளாதாரப் புறக்கணிப்பு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம்.

கடைசியாக ஒன்று. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் நுழையும் உரிமையை நமக்குக் கொடுத்தது. வாங்குபவராக நாம் உள்ளே போக அது கதவைத் திறந்தது. ஆனால் நம் கடைக்குள் அவர்கள் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் தனிமனிதரைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தக் கதவை அவர்கள்தான் திறக்க வேண்டும். ஷாகு மகாராஜ் வண்டியை நிறுத்தி இறங்கியதுபோல.

தங்கையின் மாங்காய் ஊறுகாயை இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். காரம் சற்றுத் தூக்கல், நன்றாக இருக்கிறது. அடுத்த முறை யாருக்கெல்லாம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.